ஒட்டிய வயிற்று நாயைத் தராசில் ஏற்றுங்கள்: கொங்கு நாட்டுக் கால்நடை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டாக்டர்களுக்கு,

வணக்கமுங்க. காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே ஒரு தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், இருந்து எழுதுகிறேன். அரசு மருந்தகத்தில் இருப்பவர்கள், சொந்தமாகக் கிளினிக் வைத்திருப்பவர்கள், கருத்தடை முகாமில் ஒரே நாளில் வரிசையாக நாய்களைப் பார்த்து முடிப்பவர்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். மாடு, ஆடு, கோழி என்று பார்த்து முடித்த பிறகுதான் நாய் பக்கம் திரும்ப நேரம் கிடைக்கிறது என்பது எனக்குத் தெரியும். ராத்திரி பதினோரு மணிக்குக் கன்று மாட்டிக்கொண்டது என்று போன் செய்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் நீங்கள். அந்த நன்றி எங்கள் கட்டுத்தரையில் இருக்கிறது. அதே உரிமையில்தான் ஒன்று கேட்கிறேன்.

கன்னி, சிப்பிப்பாறை மாதிரி ஆழமான நெஞ்சும் ஒட்டிய வயிறுமாக ஒரு வேட்டை நாய் ஆபரேஷனுக்கு வந்தால், மயக்க ஊசி போடும் முன் அதைத் தராசில் ஏற்றுங்கள். உடம்புச் சூடு திரும்பி, தன் காலில் எழுந்து நிற்கும் வரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அனுப்பும்போது, அடுத்த சில நாளில் என்ன பார்க்க வேண்டும் என்று தமிழில் ஒரு தாள் எழுதிக் கொடுங்கள்.

நான் டாக்டர் இல்லை. ஐந்து வருடமாக, கைவிடப்பட்ட நாய்களை நல்ல வீடு கிடைக்கும் வரை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். ஃபாஸ்டர் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். என் அத்தை, வீட்டுக்காரரின் அம்மா, "பிரசவத்துக்கு வந்த பிள்ளையாட்டம் வெச்சுப் பாக்குற" என்பார். எனக்கு அந்தச் சொல்தான் பிடித்திருக்கிறது. வந்தவர்களில் ஏழு பேர் வேட்டை நாய்கள்.

எங்கள் பக்கம் நாய் என்றால் பட்டிக்குக் காவல் இருக்கும் நாட்டு நாய்தான். கன்னியும் சிப்பிப்பாறையும் தெற்கே விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிக் கரிசல் காட்டுச் சொத்து. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுகிற சாதி. வரப்பு ஓரத்தில் ஒரு முயல் காதை அசைத்தால் போதும், அடுத்த நொடி நாய் அங்கே இருக்கும். எங்கள் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், முயல் உண்டு என்பதால் அந்த ஆசையில் சிலர் வாங்கி வந்தார்கள். முயல் வேட்டை 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கேஸ் ஆகும் என்று தெரிந்ததும் நாயை அவிழ்த்து விட்டவர்களை எனக்கே தெரியும். அப்புறம் 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார். அதன் பிறகு எங்கள் ஊரிலும் குட்டி விசாரிப்பவர்கள் கூடினார்கள். குட்டியில் கைக்குள் அடங்கியது ஒரு வருடத்தில் ஆள் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து, கயிற்றை உருவிக்கொண்டு ஓட ஆரம்பித்ததும் ஆசை தீர்ந்துபோகிறது. காற்றாலைக் காடுகளில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள்.

அப்படி விடப்பட்ட நாய் பசித்தால் என்ன செய்யும்? பட்டியில் ஆடு இருக்கிறது. காங்கயம், வெள்ளக்கோவில், தாராபுரம் பக்கம் நாய் கடித்து ஆடு செத்ததற்காக விவசாயிகள் போராடியது உங்களுக்குத் தெரியும், செத்த ஆட்டைப் பிரேதப் பரிசோதனை செய்தவர்களே நீங்கள்தானே. எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரே ராத்திரியில் நான்கு ஆடு போனது. அந்த அண்ணன் பட்டி வாசலில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். நாயின் மேல் எனக்கு எவ்வளவு பாசம் இருந்தாலும், கருத்தடை செய்யாத ஒரு நாயைக்கூட என் வாசலைத் தாண்டி விடக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். ஆக, ஆபரேஷன் வேண்டும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் ஒரு வேறுபாடும் இல்லை. அது எப்படி நடக்கிறது என்பதில்தான் பேச்சு.

முதலில் செவலையைப் பற்றிச் சொல்கிறேன். அவன் சிப்பிப்பாறை ஆண், மூன்று வயது இருக்கும். ஒரு மார்கழி மாதம் முகாம் ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். எந்த ஊர், யார் நடத்தியது என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, கூட்டம் அதிகம். என்னிடம், "எத்தனை கிலோ இருக்கும்?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. உயரத்தைப் பார்த்து அட்டையில் 25 என்று எழுதினார்கள். பத்து மணிக்கு ஊசி. ஒரு மணிக்கு, சாக்கில் கிடத்திக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கண் திறந்தே இருந்தது, இமைக்கவில்லை, விழியில் தூசி ஒட்டியிருந்தது. "சாயங்காலம் எழுந்துக்கும், கூட்டிட்டுப் போங்க" என்றார்கள்.

சாயங்காலம் எழவில்லை. மார்கழிக் குளிருக்குச் சிமெண்டுத் தரை வேறு. காதைத் தொட்டால் தண்ணீர்க் குடத்தைத் தொட்ட மாதிரி சில்லென்று இருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் போர்வை போர்த்துவதுதான். உடம்பில் சூடு இல்லாதவனுக்குப் போர்வை எதைக் காக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ராத்திரி எட்டு மணிக்குத் தலையைத் தூக்கினான், திரும்ப விழுந்தான். அத்தை விடிய விடிய அவன் நெஞ்சில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மறுநாள் மதியம்தான் நான்கு காலில் நின்றான். சரி, கண்டம் தாண்டியது என்று நினைத்தோம். மூன்றாம் நாள் காலையில் அவன் தொடையின் உள்பக்கம் முழுக்க நாவற்பழத்தை நசுக்கித் தேய்த்த மாதிரி கருநீலமாக இருந்தது. தையல் வாயிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அட்டையில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டால், ஆபரேஷனன்றே சரியாகத்தானே இருந்தது என்றார்கள். வேறொரு டாக்டர் வந்து கட்டுப்போட்டு, ஊசி போட்டு, இரண்டு நாள் வந்து பார்த்துக் காப்பாற்றினார்.

அவன் பிழைத்தான். கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு வாழைத் தோட்டத்தில் இன்றைக்கும் நன்றாக இருக்கிறான். ஆனால் அவனுக்கு நடந்தது ஊருக்குள் பரவிவிட்டது. எங்கள் ஊரில் வேட்டை நாய் வைத்திருந்த இரண்டு பேர், ஆபரேஷனுக்குக் கொடுக்கலாம் என்று சொல்லி வைத்திருந்தவர்கள், மறுத்துவிட்டார்கள். "மயக்க ஊசி அந்தச் சாதி நாய்க்கு ஆகாது" என்றார்கள். அவர்களுடைய நாய்களில் ஒன்று அடுத்த ஐப்பசியில் எட்டுக் குட்டி போட்டது. குட்டிகள் எங்கே போயின என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் வரவில்லை.

பத்து நாள் கழித்து, மனசு கேட்காமல், செவலையைக் கொப்பரைக் களத்துக்குக் கூட்டிப்போய் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினேன். பதினேழரைக் கிலோ.

டாக்டர்களே, காங்கயத்தில் தராசுக்கா பஞ்சம்? களத்துக்குக் களம் இருக்கிறது, தீவனக் கடையில் இருக்கிறது, பருத்திக்கொட்டை வாங்கும் இடத்தில் இருக்கிறது. முகாமுக்கு வரும் முன் நாயை நிறுத்து, சீட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். நாங்கள் கொண்டுவருகிறோம். இந்த நாய்களின் உயரம் கண்ணை ஏமாற்றும். பக்கவாட்டில் பார்த்தால் பெரிய உருவம், மேலிருந்து பார்த்தால் ஒரு சாண் அகலம்கூட இருக்காது. பதினேழரைக் கிலோ உடம்புக்கு 25 கிலோ கணக்கில் மருந்து ஏறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்குப் பின்னால் இருக்கும் காரணங்களைப் பிறகு பொறுமையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் எங்களை மாதிரி வளர்ப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். வெளிநாட்டில் ஓட்டப் பந்தயத்துக்கு வளர்க்கிற கிரேஹவுண்டு இதே உடம்புவாகு. அதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். தயோபென்டோன் மாதிரி மயக்க மருந்து கொடுத்தால் மற்ற நாயைவிட மிகத் தாமதமாக மயக்கம் தெளிகிறது என்று 1980களிலேயே எழுதிவிட்டார்கள். சாதாரண நாய்க்கு அந்த மருந்து மூளையிலிருந்து இறங்கித் தசையிலும் கொழுப்பிலும் போய்த் தங்கும், அதனால் சீக்கிரம் விழிக்கும். இவற்றுக்கு உடம்பில் கொழுப்பே குறைவு. அதோடு கல்லீரலும் அந்த மருந்தை மெதுவாகத்தான் உடைக்கிறது. கொழுப்பு இல்லாததால் சூடும் நிற்பதில்லை, மயக்கத்தில் இருக்கும்போது மளமளவென்று இறங்கிவிடுகிறது. சூடு இறங்கினால் மருந்து வெளியேறுவது இன்னும் தாமதமாகும். செவலை தரையில் கிடந்த அந்த ராத்திரி எனக்கு அதன் பிறகுதான் புரிந்தது.

தொடை கறுத்ததற்கும் காரணம் இருக்கிறது. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 88 கிரேஹவுண்டுகளைக் கருத்தடைக்குப் பிறகு கவனித்து 2008இல் எழுதியதில், 26 விழுக்காடு நாய்களுக்கு ஆபரேஷன் முடிந்து 36 முதல் 48 மணி நேரம் கழித்து ரத்தக் கசிவு வந்திருக்கிறது. ஆபரேஷனன்று எல்லாம் சரியாக இருக்கும், உறைந்த ரத்தம் பிறகு கரைந்து கசியும். கிரேஹவுண்டின் எண்ணைக் கன்னிக்கு அப்படியே ஒட்டவைக்க முடியாது, உண்மைதான். ஆனால் அதே எலும்பு, அதே தோல், அதே நெஞ்சு. ஜாக்கிரதையாக இருப்பதற்கு அது போதும். "அன்னிக்குச் சரியா இருந்துச்சே" என்பது இந்த நாய்களுக்குப் பதில் ஆகாது. மூன்றாம் நாளும் ஒருமுறை பார்க்கச் சொல்ல வேண்டும்.

இப்போது காரி. கருப்பு உடம்பு, புருவத்தில் இரண்டு தேன் பொட்டு, கன்னிப் பெட்டை. எங்கள் பக்கம் மாட்டுக்கு மயிலை, செவலை, காரி என்று நிறத்தை வைத்தே பெயர் இருக்கும், நாய்க்கும் அதையே வைத்துவிடுகிறோம். ஆனி மாதக் காற்றில், காற்றாலைக்குப் போகும் மண் பாதையில், கழுத்தில் அறுந்த நைலான் கயிற்றோடு நின்றிருந்தாள். இந்த முறை நான் முன்கூட்டியே விசாரித்து, தாராபுரம் பக்கம் ஒரு சின்னக் கிளினிக்கில் காட்டினேன். அவள் அப்போதுதான் பருவத்துக்கு வந்திருந்தாள். "இப்ப கை வைச்சா ரத்தம் அதிகம் போகும், ரெண்டு மூணு மாசம் போகட்டும்" என்றார் டாக்டர். புரட்டாசியில் ரத்தம் எடுத்தார். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைவாக இருந்தது. இந்தச் சாதிக்கு இயல்பிலேயே கொஞ்சம் குறைவாக இருக்கலாம் என்று விட்டுவிடாமல், கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தம் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தார். உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள். "தயிரில் கொடுக்காதீங்க, முட்டையில் வெச்சுக் கொடுங்க" என்று அதையும் சொன்னார். கார்த்திகையில்தான் ஆபரேஷன் நடந்தது. ஐந்து மாதம் ஆகிவிட்டதே என்று எனக்கு ஒரு நாளும் அலுப்பு வரவில்லை. காரணம் சொல்லிக் காத்திருக்கச் சொன்னால் யாரும் காத்திருப்போம்.

ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரியிலிருந்து சாப்பாடு கிடையாது, தண்ணீர் மட்டும் விடியற்காலை வரை. காலையில் அத்தை கம்மங்கஞ்சிக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். "ஏங்கண்ணு, வயித்துக்கு ஒண்ணுமில்லாம எப்படிக் கூட்டிட்டுப் போவ, பாவமில்லயா?" மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் என்று சொன்னதும் கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கன்றுக்குட்டிக்கு ஊற்றினார். செவலைக்கு அன்றைக்கு இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அவன் சோறு தின்றுவிட்டுத்தான் போனான்.

கழுத்துப்பட்டைக்கும் ஒரு வார்த்தை. இந்த நாய்களுக்குத் தலை கழுத்தைவிட ஒல்லி. சாதாரணப் பட்டையைப் போட்டால், பயந்து பின்னால் இழுக்கும்போது அப்படியே உருவிக்கொண்டு ஓடிவிடும். அதுவும் கிளினிக் வாசலில் மருந்து வாசம் பட்டதும்தான் ஓடும். ஓடினால் பிடிக்க முடியாது. மாட்டுக்குக் கழுத்துப்பட்டி தைப்பவரிடம் மூன்று விரல் அகலத்தில் ஒரு தோல் பட்டை தைத்து வாங்கிக் காதுக்குக் கீழே ஒட்டிக் கட்டிக்கொண்டு போனேன்.

அந்த டாக்டர் முதலில் செய்தது எடை போட்டது. 15 கிலோ 800 கிராம். அதை ஒரு பிளாஸ்திரித் துண்டில் எழுதி மேஜை விளிம்பில் ஒட்டினார். தயோபென்டோன் பக்கமே போகவில்லை. பால் மாதிரி வெள்ளையாக ஒரு மருந்தை, புரோபோஃபால் என்றார், கொஞ்சம் கொஞ்சமாக, கண்ணிமையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து ஏற்றினார். கண் காயாமல் இருக்க களிம்பு வைத்தார். காலியான குளுக்கோஸ் பாட்டில் நான்கில் வெந்நீர் நிரப்பி, துண்டு சுற்றி, இரண்டு பக்கமும் அணைத்து வைத்தார்கள். துண்டு சுற்றாமல் வைத்தால் இந்த மெல்லிய தோல் வெந்துவிடும் என்று உதவியாளர் தம்பி எனக்கு விளக்கினான். நான்கு பாதத்துக்கும் அவன் மகளுடைய பழைய பள்ளிக்கூடக் காலுறை. வெள்ளை சாக்ஸ் போட்டுக்கொண்டு காரி படுத்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இதில் எதுவும் விலை உயர்ந்த கருவி இல்லை. வெந்நீர், துண்டு, பழைய சாக்ஸ், ஒரு தெர்மாமீட்டர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சூடு பார்த்தார்கள். ஒரு கட்டத்தில் 37.2 டிகிரி வரை இறங்கியது. பாட்டில்களை மாற்றினார்கள். பதினொன்றரைக்கு முடிந்து, பன்னிரண்டே முக்காலுக்குத் தலையைத் தூக்கினாள். டாக்டர் தன் சாப்பாட்டுப் பெட்டியைப் பிரித்து அவள் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். மூன்று மணிக்கு எழுந்து நின்றாள். சூடு 38ஐத் தாண்டியதைப் பார்த்த பிறகுதான் "கூட்டிட்டுப் போங்கம்மா" என்றார். ரத்தம் கசிந்தால் போட டிரானெக்ஸாமிக் அமில ஊசி எடுத்து வைத்திருப்பதாகவும், இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் வயிற்றையும் தொடையையும் போட்டோ எடுத்து அனுப்பும்படியும் சொன்னார். அனுப்பினேன். தோல் வெளுப்பாகவே இருந்தது.

அப்புறம் வீட்டில் பன்னிரண்டு நாள். தரையில் எலும்பு குத்தும் என்று சாக்கின் மேல் பழைய மெத்தை போட்டு வைத்தேன். நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு இவளுக்கு உதவவில்லை, மூக்கு நீளம் என்பதால் வளைந்து தையலைத் தொட்டுவிட்டாள். திருப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு பனியனுக்கு என்ன குறை? 80 சென்டிமீட்டர் அளவில், கை வைத்த பனியன் ஒன்றை எடுத்து, முன்கால் இரண்டையும் கைக்குள் விட்டு, கீழ் ஓரத்தை முதுகின் மேல் முடிச்சுப் போட்டேன். வெளியே கூட்டிப்போகும்போது முடிச்சை அவிழ்த்துச் சுருட்டிக்கொள்ளலாம். தினமும் ஒன்று துவைத்து மாற்றினேன். இதை உங்களிடம் வருகிற எல்லாருக்கும் தாராளமாகச் சொல்லுங்கள்.

கஷ்டமானது ஓடாமல் வைத்திருப்பதுதான். நான்காம் நாள் விடிகாலையில் மயில் ஒன்று வரப்பில் இறங்கி அகவியது. படுத்திருந்தவள் படுத்த வாக்கிலேயே வில் மாதிரி வளைந்து எழும்பினாள். கயிறு என் மணிக்கட்டில் சுற்றியிருந்ததால் தப்பித்தோம். எனக்கு உள்ளங்கை உரிந்தது. பனியனை அவிழ்த்துத் தையலைப் பார்க்கும் வரை எனக்கு உயிரே இல்லை. ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து ஜன்னலுக்குச் சேலையைக் கட்டித் திரை போட்டேன்.

அந்த டாக்டர் கொடுத்த தாளை இப்போது கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அரைப் பக்கம், கையெழுத்து. என்ன மருந்து, எத்தனை மில்லி, எந்த எடைக்கு, எத்தனை மணிக்கு என்று மேலே இருக்கிறது. கீழே தமிழில், ஈறு வெளுத்தால், தொடை கறுத்தால், நடுங்கினால், வாந்தி எடுத்தால் எந்த நேரமும் கூப்பிடவும் என்று இருக்கிறது. மனுசருக்கு வாங்கி வைத்திருக்கும் காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை எதையும் கொடுக்கக்கூடாது என்பதற்குக் கீழே இரண்டு கோடு. செவலையின் அட்டையில் மருந்தின் பெயரே கிடையாது. அதனால்தான் இரண்டாவதாக வந்த டாக்டர், எதைக் கொடுத்தார்கள் என்று தெரியாமல் தடுமாறினார்.

உங்களில் நிறையப் பேர் நாமக்கல்லில் படித்தவர்கள். இப்போது உடுமலையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் ஊர் இனம், நம் ஊர்த் தாள். அங்கே படிக்கும் பிள்ளைகளை வைத்து இப்படி ஒரு தாளைத் தயார் செய்து, எல்லா மருந்தகத்துக்கும் முகாமுக்கும் கொடுக்க முடியாதா? கொடுத்தால், மயக்க ஊசி ஆகாது என்று சொல்லிக்கொண்டிருக்கும் எங்கள் ஊர்க்காரர்களிடம் நானே கொண்டுபோய்க் காட்டி, நாயைக் கூட்டிவருகிறேன். வாசலில் வரிசை ஒழுங்கு செய்ய, வெந்நீர் வைக்க, தெளியும் வரை பக்கத்தில் உட்கார்ந்து சூடு பார்க்க ஆள் வேண்டும் என்றால் நானும் இன்னும் மூன்று பெண்களும் வருகிறோம். காலை ஆறு மணிக்கு வரச் சொன்னாலும் வருவோம், பால் கறந்துவிட்டு.

காரிக்குப் பெருந்துறை பக்கம் ஒரு வீடு அமைந்திருக்கிறது, வேலி போட்ட மூன்று ஏக்கர். தை பிறந்ததும் போகிறாள். அவள் படுக்கும் மெத்தைக்கு அடுத்த ஆள் வந்தாயிற்று. ஊத்துக்குளி ரயில்வே கேட்டில் நின்றிருந்த சாம்பல் நிறச் சிப்பிப்பாறைப் பெட்டை, இரண்டு வயது இருக்கும், உண்ணி நிறைய. அடுத்த மாதம் உங்களில் ஒருவரிடம் கூட்டிவருவேன். கொப்பரைக் களத்தில் நேற்றே நிறுத்துவிட்டேன், சீட்டு அவள் பட்டையிலேயே கட்டியிருக்கிறது: 14 கிலோ 200 கிராம்.

இப்படிக்கு,
காரியை வைத்துப் பார்த்துக்கொள்பவள்
காங்கயம் – தாராபுரம் சாலையோரத் தோட்டத்திலிருந்து